ஒரு விரல் இடைவெளி

மாமனார் சவரக்கத்தியைத் தீட்டும்போதே அவளுக்குத் தெரியும், இது கூடாதென்று. தெரிந்துகொண்டேதான் வெந்நீர்க் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சலூன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மகனைத் தன்னுடைய நாற்காலியில் உட்காரவைத்திருந்தார் மாமனார். அவனை எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்டாட்டியான அவளே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். சீப்பைச் செருகினால் அது விழாமல் நிற்கும், அப்படி ஒரு முடி. கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் அவன் தலையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே ஏறுவார்கள்.

"ஆபரேஷன்னா மழிக்கத்தான் செய்வாங்க," என்றார் மாமனார். "எத்தனை பேரை இதே நாற்காலியில மழிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன்! அங்க எவனாவது மெஷினைப் போட்டுப் புல்லு வெட்டுற மாதிரி இழுப்பான். நான் உசுரோட இருக்கும்போது என் பையன் தலையில வேற எவன் கை வைக்கிறது?"

"கத்தியே கிடையாதாம்ப்பா. வெறும் கதிர்தான்."

"கதிர் உள்ள போகணும்ல? இந்தக் காட்டுக்குள்ள எந்த வழியாடா போகும்?"

சுருட்டை சிரித்தான். அவளும் சிரித்திருப்பாள், வேறொரு நாளாக இருந்திருந்தால்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு வலது கை இழுத்துக்கொண்டு, அப்படியே வலிப்பு வந்து கீழே விழுந்தான். முடி வெட்ட வந்தவர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், பாதித் தலையோடு. மற்ற பாதியை மறுநாள் மாமனார் அவர் வீட்டுக்கே போய் வெட்டிவிட்டு வந்தார்.

ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய்கள் நூல்கண்டு சிக்கினதுபோலச் சிக்கிக் கிடந்தன. பிறவியிலிருந்தே இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். எப்போது வேண்டுமானாலும் வெடித்து ரத்தம் கசியலாம். கசியாமல் வருஷக்கணக்காகவும் இருக்கலாம். மண்டையைத் திறந்து எடுத்தால் வலது கை வராமல் போய்விடும் பயம் உண்டு. அதனால் பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை அனுப்பி, அந்தச் சிக்கலில் மட்டும் சேரவைப்பதென்று முடிவானது. குழாய்கள் தடித்துத் தடித்து, கடைசியில் தானாகவே அடைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் தலை ஆடாமல் இருக்க மண்டையோட்டில் இரும்புச் சட்டத்தைத் திருகி வைப்பார்களாம். இப்போது சட்டம் இல்லை, முகமூடிதான்.

போன வெள்ளிக்கிழமை அந்த முகமூடியை அவன் முகத்தின் மேலேயே வார்த்தெடுத்தார்கள். வெந்நீரில் போட்டால் துணிபோலத் தொங்குகிற ஒரு வெள்ளை வலைத்தகடு. அதை முன்தலை முடியோடு சேர்த்துத் தாடைவரை அழுத்திப் பொருத்தியதும் கொஞ்ச நேரத்தில் இறுகி, அவன் முகமாகவே ஆகிவிட்டது. அதைச் செய்த டெக்னீஷியன் பெண் வெளியே வந்து அவளிடம் சொன்னாள்: "அக்கா, தலை இப்ப எப்படி இருக்கோ அதுக்குத்தான் முகமூடி எடுத்திருக்கோம். புதன்கிழமை கதிர் குடுக்கிற வரைக்கும் முடி, மீசை எதையும் மாத்த வேண்டாம். வீட்டுல சொல்லிடுங்க."

தலையாட்டிவிட்டு வந்தாள். அந்த முடியை யார் வெட்டப் போகிறார்கள் என்று நினைத்து, வீட்டில் சொல்லாமலே விட்டுவிட்டாள்.

"மாமா," என்றாள் இப்போது.

மாமனார் திரும்பினார். அவருடைய இரண்டு கண்ணும் சிவந்து கலங்கியிருந்தன. அத்தை செத்த அன்றைக்குக்கூடச் சவரம் செய்து, சட்டை மடிப்புக் கலையாமல் நின்ற மனுஷர்.

"என்னம்மா?"

"தண்ணி… சூடு போதுமா?"

"பதமா இருக்கு."

கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போனது. சுருள் சுருளாக முடி அவள் காலடியில் விழுந்தது.

புதன்கிழமை காலையில் டெக்னீஷியன் பெண், முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டைத் தலையையே பார்த்தபடி நின்றாள். அவனைப் படுக்கவைத்து, முகமூடியைப் பொருத்தி, ஓரங்களை மேஜையோடு மாட்டினாள். பிறகு நெற்றிப்பொட்டுக்கும் வலைக்கும் நடுவில் தன் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போனது.

கதிருக்குக் கணக்குப் போடுகிறவர் வந்தார். வாயைத் திறந்தால் மில்லிமீட்டர் என்பார். அதையே அவருக்குப் பெயராக வைத்திருந்தான் சுருட்டை. மில்லிமீட்டரும் விரலை விட்டுப் பார்த்தார். அவனைத் தலையை அசைக்கச் சொன்னார். வலைக்குள் தலை அசைந்தது.

"இன்னைக்கு முடியாது," என்றார். "சிக்கலுக்கும் கையை ஆட்டுவிக்கிற இடத்துக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கு. இவ்வளவு ஆடினா நான் கதிரை விடமாட்டேன்."

"நான் பிடிச்சுக்கறேன் சார்," என்றார் மாமனார். "முப்பது வருஷமா தலை பிடிக்கிற கை. இம்மி அசையாது."

"கதிர் உங்க கை வழியாவும் போகுமேங்க." அவர் கேலியாகச் சொல்லவில்லை. "புது முகமூடி எடுத்து, ஸ்கேன் பண்ணி, திரும்பக் கணக்குப் போடணும். அடுத்த வியாழக்கிழமை வெச்சுக்கலாம்."

"எட்டு நாளா? அதுக்குள்ள அது வெடிச்சா?"

பக்கத்தில் வந்து நின்ற டாக்டர் பதில் சொன்னார். "எட்டு நாள்ல வெடிக்கிற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. வெடிக்கவே வெடிக்காதுன்னு எழுதிக் குடுக்க என்னால முடியாது."

மாமனாரின் கண்கள் யாரையோ தேடி, டெக்னீஷியன் பெண்ணின் மேல் நின்றன. "நீ சொல்லியிருக்க வேண்டாமா? மழிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை? பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு என்ன வேலை பாக்கிற நீ?"

"சொல்லலையா நீ?" என்று மில்லிமீட்டரும் கேட்டார்.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். மருமகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சொன்னாங்க," என்றாள் மருமகள். தன் குரல் இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே தோன்றியது. "வெள்ளிக்கிழமையே என்கிட்டதான் சொன்னாங்க மாமா."

மாமனார் அவளை வெகுநேரம் பார்த்தார்.

"நேத்து நீ கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னியேம்மா," என்றார்.

மொட்டைத் தலைக்குப் புது முகமூடி அன்றைக்கே எடுத்தார்கள். இந்தத் தடவை டெக்னீஷியன் பெண் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னாள்.

அந்த எட்டு நாளும் மாமனார் அவளோடு நேராகப் பேசவில்லை. "டேய், கடைச்சாவி எங்கன்னு கேளு," என்பார், சாவி அவள் கையில் இருக்கும்போது. "ஆணியில மாட்டியிருக்குன்னு சொல்லுங்க," என்பாள் அவள், ஆணியில் மாட்டிவிட்டு. நடுவில் சுருட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொட்டையைத் திருப்பிக்கொண்டிருப்பான்.

"இது தபாலாபீஸ் ஆயிடுச்சு. ஸ்டாம்பு ஒட்டத்தான் இடம் காலியா இருக்கு," என்று தலையைத் தடவிக்கொண்டான் ஒருநாள்.

அவன் சும்மா இருந்தால் எட்டிப் பார்ப்பாள். கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பாள். கீழே கடையில் சீப்பு விழுந்தாலும் மாடி வீட்டிலிருந்து பாதிப் படி இறங்கிவிடுவாள்.

"என் தலைக்குள்ள இருக்கிறது உங்க ரெண்டு பேருக்குத்தான் கனக்குது. எனக்கு ஒண்ணுமே தெரியல," என்றான் சுருட்டை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "ஏன் சொல்லல அன்னைக்கு?"

"உங்கப்பா அழுதுட்டிருந்தார்."

"அவரா? வெங்காயம் உரிச்சாலே அழமாட்டாரே."

"அதனாலதான்."

அவன் அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். ஐந்து நாள் முடி உள்ளங்கையில் குத்தியது.

வியாழக்கிழமை காலையில் அதே நாற்காலி, அதே கிண்ணம். முகமூடி எடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே தலை இருக்க வேண்டும், மழித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மாமனார் மெதுவாக மழித்தார். காதோரத்தில் கத்தி இரண்டு முறை நின்றது; மூச்சை இழுத்துவிட்டு மறுபடி தொடர்ந்தார். ஒரு கீறல் இல்லை. படிகாரக் கல்லைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, எட்டி நின்று பார்த்தார். பிறகு கை தானாகக் கத்திரியை எடுத்தது.

"மீசை ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. லேசா ஒரு…"

"வேண்டாம் மாமா."

"நுனிதான். ஒரு நூல் அளவு."

"நூல் அளவும் வேண்டாம். கத்திரியைக் கீழ வைங்க."

கண்ணாடிக்குள் சுருட்டையின் கண்கள் அகலமாயின. அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

மாமனார் கத்திரியைக் கீழே வைத்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார், வியர்க்காமலே.

"சரி. வேற என்னென்ன சொன்னாங்க? ஒண்ணு விடாம இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நடுவில், "வலிப்பு மாத்திரை போட்டாச்சா?" என்று மகனைக் கேட்காமல் அவளிடமே கேட்டார்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டியதும் டெக்னீஷியன் பெண் விரலை விட்டுப் பார்த்தாள். நகம்கூட நுழையவில்லை. மில்லிமீட்டர் திரையில் ஏதோ பார்த்து, மேஜையைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்தி, மறுபடி பார்த்து, "போலாம்," என்றார். கனமான கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் மாமனார் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்.

"ஒரு சத்தமும் இல்லையேம்மா. நடக்குதா?"

"நடக்குது மாமா. விளக்கு எரியுது பாருங்க."

கதவுக்குமேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. விளக்கு அணைய முக்கால் மணி நேரம் ஆனது.

சுருட்டை நடந்தே வந்தான். முகம் முழுக்க வலையின் கட்டம் கட்டமான தடம். "முடிஞ்சுதா? நான் தூங்கிட்டேன்," என்றான்.

"நல்லபடியா முடிஞ்சுது," என்றார் டாக்டர். "எங்க போகணுமோ அங்கதான் போயிருக்கு. ஆனா குழாய் முழுசா அடைபட ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நான் முன்ன சொன்ன ஆபத்து இருக்கத்தான் செய்யும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேனுக்கு வாங்க."

"ரெண்டு மூணு வருஷமா?" மாமனார் மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அப்ப இன்னைக்கு நடந்தது?"

"நாங்க செய்ய வேண்டியது இன்னைக்கோட முடிஞ்சுது. மீதியை அவர் உடம்பு செய்யும், மெதுவா." டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மாமனார் அதை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் மருமகளிடம் கொடுத்தார். அவள் நடைபாதையிலேயே நின்று, இரண்டு பேருக்கும் கேட்கும்படி படித்தாள். எந்த மாத்திரை எத்தனை வேளை. தலைவலி வந்தால் என்ன செய்வது. வண்டி ஓட்டக் கூடாது.

"கத்திரி பிடிக்கலாமான்னு போட்டிருக்கா?" என்றான் சுருட்டை.

மேலிருந்து கீழ்வரை மறுபடி படித்தாள். "இதுல இல்ல."

"வண்டிதானே ஓட்டக் கூடாது," என்றார் மாமனார். "கத்திரிக்கு என்ன? திங்கட்கிழமையிலேர்ந்து கடைக்கு வந்துடட்டும். உட்கார்ந்துகிட்டே…"

"இருங்க மாமா. கேட்டுட்டு வரேன்."

டாக்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் தட்டினாள். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.