இரண்டாவது கோடு

பச்சை மட்டை முடைந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக்கொண்டார்கள். வாசலில் நின்ற ஆட்களின் பேச்சும் அடங்கியது. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த சொர்ணவல்லிக்கு முதலில் அது நிம்மதியாகக்கூட இருந்தது. விடிந்ததிலிருந்து ஓயாத ஒப்பாரி. பிறகுதான், பாடை கட்டும் நேரத்தில் இவ்வளவு அமைதி கூடாதே என்று மனசில் இடறியது.

தங்கமுத்து உள்ளே வந்தான். அப்பாவின் அண்ணன் மகன். ஆவுடையப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நிற்க வேண்டியவன் காய்ந்த சட்டையோடு நின்றான்.

"சொர்ணம், பீரோ சாவி எங்க?"

"எதுக்குண்ணே?"

"அந்த அட்டையெல்லாம் சித்தப்பாவோடயே போகட்டும். ஊர்ல எல்லாரும் அதத்தான் சொல்றாக. தெறந்து விட்டியன்னா குளிச்சுட்டு வாரேன். இல்லாட்டி கொள்ளிக்கு வேற ஆளப் பாத்துக்க."

தங்கமுத்து கோபக்காரன். கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். அவன் கடையில் உப்பு கேட்பவனைப் போல நிதானமாகச் சொன்னான்.

ஆவுடையப்பன் புதுக்கோட்டையில் சமஸ்தானத்து ரிக்கார்டு ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் வேலையை விட்டு சொந்த ஊரான அன்னவாசலுக்கே வந்துவிட்டார். ஏலத்தில் எடுத்த பழைய தேக்கு பீரோ ஒன்று மாட்டு வண்டியில் அவரோடு வந்தது. வீட்டைத் திறந்து பார்த்தால், செத்துப்போன மனைவிக்கு இருந்த ஒரே படத்தைக் கரையான் தின்றிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் செம்மண்தான் மிச்சம். சொர்ணவல்லிக்கு அம்மாவின் முகம் ஞாபகம் இல்லை. அப்பாவுக்கு இருந்தது, ஆனால் அதை மகளுக்குக் காட்ட அவருக்கு வழி தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் தெருப்பக்கத்து அறையில் 'ஊர் ஆவண நிலையம்' என்று தன் கையாலேயே பலகை எழுதி மாட்டினார். வீடு வீடாகப் போய்ப் படங்களைக் கேட்டு வாங்கினார். ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, பினாங்கு கப்பல் டிக்கெட், பள்ளிக்கூட சர்டிபிகேட் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேப்பிலையும் கற்பூரமும் போட்டு, வெயில் நாட்களில் வெளியே எடுத்து ஆறவிட்டு, பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்தார்.

ஒவ்வொரு படத்தையும் ஒரு கெட்டி அட்டையில் ஒட்டுவார். கீழே பெயர், தகப்பன் பெயர். அதற்குக் கீழே இரண்டு கோடு. முதல் கோட்டுக்குத் தோற்றம், இரண்டாவதற்கு மறைவு. செத்தவருக்கும் இருப்பவருக்கும் ஒரே அட்டைதான். இருப்பவர்களுக்கு வேறு அட்டை போடலாமே என்று, காலமெல்லாம் ரிக்கார்டு கட்டிய அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

தங்கமுத்துவின் மனைவி செவந்திதான் ஆசை ஆசையாகக் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த மாசியில் அம்மை கண்டு செத்துப்போனாள். அப்பா அழுதுகொண்டேதான் அவள் பெயருக்கு நேரே தேதி எழுதினார். ஜன்னல் வழியாக யாரோ அதைப் பார்த்துவிட்டார்கள். பிறகு கிணற்றில் விழுந்த ஒருவன், பிரசவத்தில் போன ஒருத்தி. சாவு எந்த ஊரில் இல்லை? ஆனால் இந்த ஊரில் ஒவ்வொரு சாவுக்கும் முன்கூட்டியே ஓர் அட்டை இருந்தது. அட்டையில் ஏறினால் ஆள் தங்காது என்று பேச்சு பரவியது. செவந்தி அட்டையில் தங்கமுத்துவின் பெயரும் இருந்தது. அவன் பெயருக்கு நேரே இரண்டாவது கோடு காலியாக இருந்தது.

சொர்ணவல்லி எழுந்து தெரு அறைக்குப் போனாள். சாவி அவள் மடியில்தான் இருந்தது. மண்ணெண்ணெய் டின்னைப் பாடையோரம் வைக்காமல் அந்த அறை வாசலில் வைத்திருந்தார்கள். பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்றுவரை அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து அனுப்பியவர்கள் இவர்கள்.

பீரோவைத் திறந்து, கல்யாணப் படம் ஒட்டிய அட்டையை எடுத்து, பின்னாலேயே வந்த தங்கமுத்துவிடம் நீட்டினாள்.

"அண்ணி படம் வேற வச்சிருக்கீங்களாண்ணே?"

"இல்ல."

"அப்ப?"

"அவ மொகம் எனக்கு ஞாபகம் இருக்கு."

"எங்கப்பாவுக்கும்தான் எங்காத்தா மொகம் ஞாபகம் இருந்துச்சு."

தங்கமுத்து அட்டையை வாங்கவில்லை. ஆனால் செவந்தியின் மேல் விழுந்த கண்ணை அவனால் எடுக்கவும் முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் முன்னால் வந்தாள்.

"எம்மவன் நாகராசு படம் இதுல கெடக்கு ஆயி. பினாங்குலேருந்து கடுதாசி வந்து நாளாச்சு. அவன் பேருக்குக் கீழ ஒரு கோடு காலியாவே இருக்காம்ல. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல."

"காலியா இருந்தா ஆளு நல்லா இருக்காகன்னுதான் அர்த்தம் பெரியாத்தா. உசுரோட இருக்கவன் படத்தப் பொணத்தோட வச்சு எரிக்கச் சொல்றீகளா?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. வாசலில் ஒருவர் துண்டை உதறித் தோள்மாற்றிப் போட்டுக்கொண்டார். சொர்ணவல்லி நாகராசுவின் அட்டையைத் தேடி எடுத்தாள்.

"வேணாம்னா வீட்டுக்குக் கொண்டு போங்க. இந்தாங்க."

முத்துமாரியம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "அத எப்புடி வீட்டுக்குள்ள வைக்கிறது?"

எரிக்கவும் பயம், எடுத்துக்கொள்ளவும் பயம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் பிணத்தை எடுக்க முடியாது. லாரியோடு மீன் லோடுக்குப் போன புருஷன் கட்டுமாவடியிலிருந்து வந்து சேர இருட்டிவிடும். துணைக்கு நிற்க ஆளில்லாமல், அப்பாவைக் கிடத்திவிட்டு இப்படி வாதாட வேண்டியிருக்கிறதே என்று சொர்ணவல்லிக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் முத்துமாரியம்மாள் கேட்டாள். "ஒம் மக படம் இதுல இருக்கா ஆயி?"

பொல்லாப்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

இல்லை. பிரகதாவுக்கு மூன்று வயது முடிந்தபோது புதுக்கோட்டை ஸ்டுடியோவில் காகிதப்பூச் சாடிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்த படத்தை அவளே அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது ஒங்கிட்டயே இருக்கட்டும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். பேத்தி படம் மகளிடம் இருக்கட்டும் என்ற பிரியம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். இப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஊரையெல்லாம் கேட்டு வாங்கியவர் இதை மட்டும் ஏன் வாங்கவில்லை? அவருக்கும் பயம் இருந்ததா? கேட்கலாம் என்றால் அவர் மூக்கில் பஞ்சோடு கூடத்தில் கிடக்கிறார். அவருக்கென்று ஓர் அட்டையும் கிடையாது. படம் எடுத்துக்கொள்ள அவர் உட்கார்ந்ததே இல்லை.

படம் மாமியார் வீட்டில் இருக்கிறது, அதனால்தான் இதில் இல்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும். பீரோவில் இருப்பது எரிந்து போகும், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பொய் அவள் வாய்வரை வந்தது.

அதை விழுங்கிவிட்டு உள்ளே போனாள். தன் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவை மடிப்பிலிருந்து படத்தை எடுத்து வந்தாள். அப்பாவின் மேஜையில் புது அட்டை ஒன்றை வைத்து, பசை தடவி ஒட்டினாள். அவர் பேனாவிலேயே எழுதினாள். பிரகதாம்பாள். தகப்பன் ரத்தினவேல். தோற்றம் என்ற கோட்டுக்கு நேரே பிள்ளை பிறந்த தேதி.

பேனா இரண்டாவது கோட்டுக்கு மேல் நின்றது. ஓர் இழுப்பில் மறைவு என்ற வார்த்தையை அடித்துவிடலாம். அடித்துவிட்டால் மற்ற அட்டைகளைப் பற்றி ஊர் சொன்னதெல்லாம் நிஜம் என்று அவளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். ஜன்னலுக்கு வெளியே அத்தனை கண்கள். புருஷன் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பேனாவை மூடினாள்.

அட்டையை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள். "நாகராசுக்குப் பக்கத்துல வைக்கிறேன் பெரியாத்தா. எல்லாருக்கும் ஆகுறது எம் புள்ளைக்கும் ஆகட்டும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பீரோவைப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்தாள்.

தங்கமுத்து சட்டையைக் கழற்றிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனான். கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. மட்டை முடைகிறவர்கள் மறுபடியும் குனிந்தார்கள். மண்ணெண்ணெய் டின்னை யாரோ பாடையோரமாக நகர்த்தி வைத்தார்கள்.

அப்பா போய்விட்டார். சங்குச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்த பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, கிணற்றடியில் வரிசையாகத் தலை முழுகினார்கள். ஐப்பசித் தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. சொர்ணவல்லிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தலையில் ஊற்றிய தண்ணீரோடு அதுவும் போயிற்று.

ஈரப்புடவையோடு உள்ளே வந்தாள். பிரகதா காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் கூடத்து மூலையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் வாய் லேசாகத் திறந்திருந்தது. சொர்ணவல்லி குனிந்து பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள்.

சுட்டது.

கையை எடுத்தாள். தன் கை ஜில்லென்று இருப்பதால் அப்படித் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டாள். உலர்ந்த துணியில் துடைத்து, அக்குளில் வைத்துச் சூடேற்றி மறுபடியும் தொட்டாள். இப்போது எதுவும் சரியாகத் தெரியவில்லை. பிள்ளை ஒருமுறை முனகிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது.

முத்துமாரியம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே நிலைப்படியில் வந்து நின்றாள்.

"பெரியாத்தா, இங்கிட்டு வாங்க. புள்ள நெத்தியச் சித்தத் தொட்டுப் பாருங்க."

கிழவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். அந்தக் கையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.