வத்தல் கிட்டங்கியில் பிதாவும் குமாரனும்

ஆரியசாலைக் கடைத்தெருவில் வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் ஞானசிகாமணிக்கு 1998-ல் வந்த கஷ்டம் வேறு யாருக்கும் வரக்கூடாது. சர்ச் கமிட்டிச் செயலாளர். பதினெட்டு வருஷமாக முன்வரிசை பெஞ்சு. அப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகன் பிரபின், வியாழக்கிழமைதோறும் ஜெபசிங் வீட்டு வேதபாடத்துக்குப் போகிறான் என்றால் மனுஷன் முகத்தை எங்கே கொண்டு வைப்பார்?

ஜெபசிங் ஓய்வுபெற்ற தபால்காரர். குமாரன் பிதாவுக்குச் சமம் கிடையாது, பிதா உண்டாக்கிய முதல் சிருஷ்டி, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. ஞானசிகாமணிக்கோ சமம் என்றால் சமம்; அதில் இம்மி குறையக்கூடாது. மகனைத் திருப்பிக் கொண்டுவர ஒரே வழி, அவன் கண்முன்னால் ஜெபசிங்கின் வாயை அடைப்பது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, கடை மாடியில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியிலேயே விவாதம் என்று ஆளைக் கூட்டிவிட்டார்.

கமிட்டிக்காரர்கள் ஒன்பது பேர் வத்தல் சாக்குகள்மேல் உட்கார்ந்தார்கள். ஒரு வசனத்துக்கு இரண்டு தும்மல் வீதம் ஒரு மணிநேரம் போயிற்று. ஞானசிகாமணி ஒரு வசனம் எடுத்தால் ஜெபசிங் மூன்று எடுத்தார். தபால்காரர் அல்லவா, எந்த வசனம் எந்த விலாசம் என்று தூக்கத்திலும் சொல்லுவார். ஞானசிகாமணிக்கு வியர்த்துவிட்டது. வேதம் கைகொடுக்காத இடத்தில் வியாபாரம் கைகொடுக்கும் என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

"என்னவே ஜெபசிங், வாசல்ல போர்டைப் பாத்தீரா? ஞானசிகாமணி அண்ட் சன். நானும் இவனும் ஒண்ணு. எனக்குள்ள அதிகாரம் முச்சூடும் இவனுக்கும் உண்டு. பரலோகத்திலயும் அப்படித்தன்னே."

கமிட்டி தலையாட்டியது. ஜெபசிங் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"சரி அண்ணாச்சி. இரும்புப்பெட்டிச் சாவி ஆரு கையில?"

சாவி ஞானசிகாமணியின் மடியில் இருந்தது. முப்பத்தாறு வயசு மகன், டீக்குச் சில்லறை வேண்டுமென்றாலும் அந்த மடி அவிழும்வரை நிற்க வேண்டும். இது கடைத்தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி.

"அதெப்படிவே? நான் அப்பனாக்கும்."

"அதைத்தான் நாங்களும் சொல்லுகோம்."

சாக்குகள்மேல் சிரிப்பும் தும்மலும் ஒன்றாகக் கிளம்பின. மானம் கப்பலேறிவிட்டது. விசுவாசப் பிரமாணமே இப்போது தன் மடியில் தொங்குகிறது என்று ஞானசிகாமணிக்கு உறைத்தது. வேட்டி முடிச்சை அவிழ்த்தார். எல்லாரும் பார்க்கச் சாவியை எடுத்துப் பிரபின் கையில் வைத்தார்.

"இண்ணு முதல் இது இவன்கிட்ட. போதுமா?"

ஜெபசிங் பைபிளைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கமிட்டிக்காரர்கள் ஞானசிகாமணியின் கையைக் குலுக்கி, ஸ்தோத்திரம் சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்கள். பிரபின் சாவியையே பார்த்தபடி நின்றான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவன் கல்யாணத்தன்றுகூட ஞானசிகாமணி கண்டதில்லை. மகன் திரும்பிவிட்டான், குமாரனும் தப்பித்தார் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

கடைசி ஆள் தெருமுனை திரும்புகிறவரை பொறுத்திருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"இங்க கொண்டா மக்கா. தொலைச்சுப்போடுவ."

பிரபின் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டான்.

"ஜெபசிங் மாமா சொன்னதுதாம்ப்பா சரி" என்றான்.