தானாகப் பிடித்த பிரேக்

வெர்னா சாரிக்கு அந்த வேனின் மேல் முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல்தான். நவம்பர் மாதம், தரையில் பனி இன்னும் சரியாகப் படியக்கூட இல்லை. மகள் அன்னிகாவை ஹாக்கிப் பயிற்சியிலிருந்து கூட்டிக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தாள். டேஷ்போர்டில் மஞ்சளாய் ஒரு விளக்கு எரிந்தது. அதில் ஒரு சின்னக் கார் படம், அதன் பின்னால் நெளிந்து நெளிந்து போகும் இரண்டு தடங்கள். அடுத்த நொடி என்ஜின் மூச்சை அடக்கிக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேன் நோஞ்சான் மாதிரி ஊர்ந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். அவள் ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி கிளப்பினாள். விளக்கைக் காணோம். வண்டி சாதுவாகப் போனது.

"பாவம், வண்டிக்குத் தூக்கம் வந்துருச்சு போல," என்றாள் அன்னிகா. பன்னிரண்டு வயசு, எதற்கும் ஒரு கிண்டல்.

வேன் பழசு. ஏழு பேர் உட்காரலாம், ஹாக்கிப் பைகளின் வியர்வை நாற்றம் சீட்டுகளில் ஊறிப்போயிருந்தது. கோடைக்காலத்தில்தான் அது அவர்களிடம் வந்தது. கணவன் கர்ட்டின் அண்ணன் வேட், "எங்க வீட்ல சும்மாதான் நிக்குது, எடுத்துட்டுப் போ," என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனான். அண்ணன் பாசம் என்று கர்ட் நெகிழ்ந்துபோனான்.

கர்ட் குளிர்காலம் முழுக்கச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். மிச்சிகனின் வடகோடியில் அந்த வேலைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. சாப்பாட்டு மேஜையில் அவள் விளக்கைப் பற்றிச் சொன்னபோது அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வண்டி சறுக்கினா, அதுவே ஒவ்வொரு சக்கரமா பிரேக் பிடிச்சு நேராக்கும். அதுக்கான விளக்குதான் அது. பனிக்கு ரோட்டுல போடற உப்புத்தண்ணி பட்டு எங்கயோ துரு ஏறியிருக்கும்."

"சறுக்கவே இல்லையே கர்ட். ரோடு காஞ்சு கெடந்துச்சு."

"அப்ப கனா கண்டிருக்கும்."

மெக்கானிக் ஹாய்ட், கர்ட்டின் பள்ளிக்கூடத்து நண்பன். சக்கரத்துச் சென்சார் ஒன்றில் துரு இருந்ததாகச் சொல்லிச் சுத்தம் செய்து கொடுத்தான். டிசம்பர் பாதி வரை விளக்கு எரியவில்லை. வெர்னாவும் அதை மறந்துபோனாள்.

அன்றைக்கு முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து, அன்னிகாவைப் பள்ளியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மத்தியான வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. சாலை சுத்தமாகத் தள்ளப்பட்டிருந்தது, கர்ட்டே தள்ளியதாக இருக்கும். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. பிர்ச் மரங்களை ஒட்டிச் சாலை லேசாக வலப்பக்கம் வளைகிற இடம். எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது.

வளைவின் பாதியில் இடது முன்சக்கரத்தை யாரோ கீழேயிருந்து கையால் பிடித்து நிறுத்தியது போல இருந்தது. கரகரவென்று தரைக்கடியில் ஒரு சத்தம். வேனின் மூக்கு இடப்பக்கம் திரும்பி, நடுக்கோட்டைத் தாண்டி, லாரிக்கு நேராகப் போனது. வெர்னா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். லாரியின் ஹாரன் காதைக் கிழித்தது. கண்ணாடியில் லாரியின் முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அந்தப் பிடி விட்டது. விட்டதும் வேன் துள்ளித் தன் பக்கத்துக்கு வந்தது. லாரி உரசுகிற மாதிரி கடந்துபோனது.

ஓரமாக நிறுத்தினாள்.

"அம்மா, நீ திருப்பல," என்றாள் அன்னிகா. குரலில் கிண்டல் துளியும் இல்லை. "நான் உன் கையத்தான் பாத்துட்டு இருந்தேன். நீ திருப்பவே இல்ல."

வீட்டில் கர்ட் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்: "காலையில நாலு மணிக்கு எந்திரிச்சவ நீ. ஒரு நிமிஷம் கண்ணு அசந்திருக்கலாம்ல? தப்பா எடுத்துக்காத."

இதே மேஜையில், இதே கேள்வியை, இதே இதமான குரலில் இன்னொருத்தியிடம் கேட்டிருந்தார்கள்.

அவள் ஜோலீன். வேட்டின் மனைவி, வெர்னாவின் ஓரகத்தி. போன வருஷத்துக் குளிரில் இந்த வேனில்தான் அவள் பள்ளத்தில் இறங்கினாள். தோள்பட்டை முறிந்தது. பின்சீட்டில் மகள் பிரென்னா. "அதுவா திரும்புச்சு, நான் திருப்பல," என்று ஜோலீன் எல்லாரிடமும் சொன்னாள். யாரும் நம்பவில்லை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த குடும்பம் அதோடு உடைந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு தூங்கிவழிந்தவள் என்று கோர்ட்டில் சொன்னார்கள். பிரென்னாவை வேட்டிடம் கொடுத்தார்கள். ஜோலீன் மார்க்கெட் என்ற பெயருள்ள பக்கத்து நகரத்துக்குப் போய் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும், அதுவும் இன்னொருவர் உடனிருக்க, மகளைப் பார்க்கலாம்.

வெர்னா அப்போது ஒன்றும் பேசவில்லை. கறி அடைத்த பாஸ்டி அப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள், அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் அவள் ஜோலீனை போனில் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் பேக்கரியில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"இடமா, வலமா?" என்றாள் ஜோலீன்.

"இடம்."

"ரோடு வலப்பக்கம் வளைஞ்சுதா?"

"ஆமா."

"ஹீட்டர் ரொம்ப நேரமா ஓடிட்டு இருந்துச்சா?"

வெர்னா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஜோலீன்…"

"இரு, நான் சொல்றத மொதல்ல கேளு. அதுல சறுக்கல் தடுப்ப அணைக்குற பட்டன் ஒண்ணு இருக்கு. அத அமுக்கிட்டா தப்பிச்சோம்னு நெனைக்காத. பாதிதான் அணையும். நான் அமுக்கிட்டுத்தான் ஓட்டுனேன். உன் பொண்ண அதுல ஏத்தாத. கேட்டியா? ஏத்தாத." கொஞ்சம் நிறுத்தி, "அந்த வண்டி எப்படி உங்க கைக்கு வந்துச்சு?" என்றாள்.

"வேட் குடுத்தாரு."

ஜோலீன் போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை வெர்னா சாவியை மேஜையில் வைத்து, "இனிமே நான் இதைத் தொட மாட்டேன்," என்றாள். கர்ட் பெருமூச்சு விட்டான். "சரி, வா. எந்த வளைவுனு காட்டு. பாத்துடுவோம்." அன்னிகா வருவதாக அடம்பிடித்தாள். வெர்னா விடவில்லை.

ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டு ஏரிக்கரைச் சாலையில் மேலும் கீழும் போனார்கள். பிர்ச் மர வளைவில் வேகமாக, மெதுவாக, எல்லா விதமாகவும் ஓட்டிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. வேனுக்குள் புழுக்கம் தாங்காமல் கர்ட் ஜாக்கெட்டைக் கழற்றினான். ஒரு கையில் காபியோடு விசிலடிக்க ஆரம்பித்தான்.

"என்கிட்ட வாலாட்டாது," என்றான், வேனைத் தட்டிக்கொடுத்து.

வீடு திரும்புகிற வழியில், பாலத்துக்கு இறங்கும் சரிவில், சாலை வலப்பக்கம் சற்றே ஒதுங்குகிற இடத்தில் விளக்கு மினுங்கியது. கரகரவென்று அதே சத்தம். வேன் இடப்பக்கம் பாய்ந்தது. கர்ட்டின் கை முப்பது வருஷப் பழக்கத்தில் மின்னலாக வலப்பக்கம் ஒடித்தது. அந்த நொடியில் பிரேக்கின் பிடி விட்டது. ஒடித்த ஒடிப்புக்கு வேன் வலப்பக்கம் பறந்து, பனிமேட்டில் ஏறி, ஒருக்களித்து நின்றது. காபி கூரை வரை தெறித்திருந்தது. ஒரு சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

கர்ட் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

"நான் திருப்பல," என்றான். யாரும் அவனை எதுவும் கேட்டிருக்கவில்லை.

வெர்னா என்ஜினை அணைத்தாள். கர்ட் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டான். குரல் வெளியே கேட்கும்படி வைத்தான். "வேட், வேன் பனிமேட்டுல ஏறிடுச்சு."

"இடப்பக்கம் இழுத்துச்சா?" என்றது வேட்டின் குரல்.

கர்ட் வெர்னாவைப் பார்த்தான். போனை அணைத்தான்.

இந்த முறை ஹாய்ட் முன்சீட்டுகளுக்கு நடுவேயிருந்த பெட்டியைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்துப் பார்த்தான். பூட்ஸில் வந்த பனி உருகி உருகி விரிப்புக்கு அடியில் குளமாய்த் தேங்கியிருந்தது. அதன் நடுவில் கையகல டப்பா ஒன்று, ஒயர் முனையெல்லாம் பச்சையாய்ப் பூத்திருந்தது.

"வண்டி எந்தப் பக்கம் சுத்துதுனு சொல்றது இந்த டப்பாதான்," என்றான் ஹாய்ட். "ஹீட்டர் சூட்டுல ஈரம் ஆவியாகி உள்ள போகுது. இது ஒளற ஆரம்பிக்குது. வலப்பக்கம் சறுக்குறோம்னு பொய் சொல்லுது. வண்டி அத நம்பி, நிறுத்துறேன்னு இடது சக்கரத்தப் பிடிக்குது. ஆறிப்போனா எல்லாம் ஒழுங்காயிரும். அப்ப வந்து பாத்தா எவனுக்குத் தெரியும்?" கையைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "ஜோலீன் பள்ளத்துல எறங்குனப்பவும் வண்டிய நான்தான் பாத்தேன்."

டப்பாவை மாற்றவா என்று அவன் கேட்கவில்லை. படம் எடுத்து, எல்லாவற்றையும் இருந்தபடியே மூடினான். வெர்னா அன்றே ஜோலீனுக்குச் சொல்லிவிட்டாள்; அவளுடைய வக்கீல் ஆள் அனுப்பிப் பார்க்கும்வரை யாரும் கை வைக்கக்கூடாது. வேனை இழுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் சவுனா எனும் நீராவிக் குளியல் அறையின் பக்கம் நிறுத்தினார்கள். ஜன்னலைத் திறந்தால் அதன் முகம்தான் தெரிந்தது. அன்னிகா தன் அறைத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஜனவரியில் ஒரு நாள், காலையிலிருந்தே விடாமல் பனி கொட்டியது. கர்ட் விடிவதற்கு முன்பே லாரியோடு போய்விட்டான், பள்ளிக்கு விடுமுறை. மதியம் ஒரு இழுவை வண்டி மெதுவாக முற்றத்துக்குள் வந்து நின்றது. முன்னாலிருந்து வேட் இறங்கினான்.

கதவைத் திறந்த வெர்னா அவனுக்குக் காபி ஊற்றவில்லை. அந்த ஊரில் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கும் அது புரிந்தது.

"வேன எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். கர்ட்டுக்கு வேற நல்ல வண்டி ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்."

"கர்ட்கிட்ட சொன்னீங்களா?"

"அவன் என் போன எடுக்கறதில்ல." தொப்பியிலிருந்த பனியைத் தட்டினான். "ஒரு துருப்பிடிச்ச வண்டிக்காகக் குடும்பத்தப் பிரிக்காத வெர்னா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவ போனப்புறம். ஒரே ஒரு தடவ. என்னையும் இழுத்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"பிரென்னாவ எனக்குக் குடுத்துட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"சரி. எங்களுக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

"வெளியாளுக்கு விக்க மனசு வரல. யாராவது செத்துகித்து வெச்சா…"

"நாங்க செத்தா?"

"கர்ட் ஓட்டுவான்னு நெனச்சேன்," என்றான் வேட். அழுதுவிடுவான் போலிருந்தது. "அவன் சமாளிச்சுக்குவான்னு நெனச்சேன்."

வெளியே இழுவை வண்டிக்காரன் சங்கிலியை உருட்டும் சத்தம் கேட்டது. வெர்னா கோட்டைக்கூட மாட்டாமல், செருப்போடு, முழங்கால் பனியில் இறங்கி ஓடினாள். வேனின் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, உள்ளேயிருந்து எல்லாக் கதவையும் பூட்டினாள்.

சீட்டு இரும்பாய் விறைத்திருந்தது. கூரையில் காபிக் கறை. உலகத்தில் எந்த இடத்தில் உட்காரவே கூடாது என்று சபதம் செய்திருந்தாளோ அங்கே உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்கைத் தொடாமல், கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். வேட் கண்ணாடியைத் தட்டினான். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால், பிறகு முஷ்டியால். வேன் ஆடியது. அவன் என்ன சொன்னான் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மேலே ஜன்னலில் அன்னிகா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆள் உள்ள இருந்தா நான் தூக்க மாட்டேன் சார்," என்றான் இழுவை வண்டிக்காரன் உரக்க. "அந்தம்மா எறங்கட்டும். இல்லன்னா நான் கெளம்பறேன்."

கண்ணாடியில் பனி மூடிக்கொண்டே வந்து, வேட்டின் உருவம் சாம்பல் நிறமாகி, பிறகு அதுவும் மறைந்தது. இழுவை வண்டி போகிற சத்தம் கேட்டும் அவள் இறங்கவில்லை. கர்ட் லாரியோடு வந்து கண்ணாடியைக் கையால் துடைத்துக் கூப்பிட்டபோது அவளுக்குப் பூட்டைத் திறக்க விரல் வரவில்லை.

வசந்த காலத்தில் வழக்கு மறுபடி வந்தது. வக்கீலின் ஆள் வேனைச் சோதித்துச் சொன்னான், ஹாய்ட் சொன்னான், கர்ட் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் போனில் கேட்டதைச் சொன்னான். பிரென்னாவையும் தனியாக ஒரு அறையில் உட்காரவைத்துக் கேட்டார்கள். "அம்மா தூங்கல. என்கூட பாட்டுப் பாடிட்டு இருந்தாங்க," என்றாளாம் அந்தக் குழந்தை. இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றதற்கு, "யாரும் கேக்கல," என்றாளாம். மகள் தாயிடம் போனாள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே பெட்ரோல் பங்கில் எதிரெதிரே நின்றாலும் பேசிக்கொள்வதில்லை.

ஜோலீன் மகளைக் கூட்டிப்போக வந்த அன்று வெர்னா அவள் காரருகே போனாள்.

"நீ போன் பண்ணப்ப நான் சந்தோஷப்பட்டேன்னு நெனைக்காத," என்றாள் ஜோலீன், சீட் பெல்ட்டை மகளுக்கு மாட்டியபடி. "கோவம்தான் வந்துச்சு. உன்ன நம்ப உன் பொண்ணாவது பக்கத்துல உக்காந்திருந்தா. என்ன யார் நம்புனீங்க?"

வெர்னா தலையசைத்தாள். கார் தெருமுனையில் வலப்பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது திரும்பி முடிக்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.