கால் தட்டாமல் வாசித்த மெட்டு

பனியில் ஓடிவந்த போதகர் போர்கில்ட் எட்டிப் பிடிப்பதற்குள் தேவாலயத்தின் வாசற்படி அவர் தலைக்கு மேலே போய்விட்டது. உள்ளே குன்வோர் வயலின் வாசிப்பை நிறுத்தவில்லை. மைக் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் போதகரின் சிவப்புக் கம்பளித் தொப்பி மெல்லக் கீழே இறங்கி மறைந்தது. நிறுத்தினால் அன்றைய ஒலிப்பதிவு போச்சு.

லேய்வ்டால் பள்ளத்தாக்கில் நாட்டு வயலின்காரர்கள் காலால் தரையை இடித்துத்தான் வாசிப்பார்கள். மேலே நான்கு தந்திகள் பாடும், அடியில் இருக்கும் ஐந்து தந்திகள் தாமாக முனகும், கால் எல்லோருக்கும் சேர்த்துத் தாளம் போடும். கல்யாணத்துக்கு அது சரி. ஒஸ்லோவிலிருந்து மைக்குகளோடு வந்திறங்கிய ஹால்யெய்ருக்குச் சரிப்படவில்லை. அவன் பதிவு செய்ய வந்தது, குன்வோர் வாசிக்கும் ஒரு மெட்டை வைத்து இரண்டு வயலின்களுக்காகப் புதிதாக எழுதிய இசை. நடுவே நீள நீளமான மௌனங்கள். அந்த மௌனத்தில் அவள் கால் தட்டுவது பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிப்பதுபோலக் கேட்கிறது என்று முதலில் அவளுடைய பூட்ஸைக் கழற்றச் சொன்னான். காலுறையிலும் சத்தம் வந்தது. தலையணை போட்டான். கடைசியில் அவள் வலது காலை மஃப்ளரால் நாற்காலியோடு கட்டினான். கட்டி முடித்து வாசிக்கத் தொடங்கியதும் தேவாலயக் கட்டடம் மேலே கிளம்பிவிட்டது.

முதல் தடவை ஒரு முழம். அடுத்த தடவை ஓர் ஆள் உயரம். மெட்டு முடிந்ததும் தானாக இறங்கி, மரச் சுவர்கள் நெறிபட உட்கார்ந்தது. அந்த நெறிபடும் சத்தம் பதிவில் விழுந்துவிட்டதே என்பதுதான் ஹால்யெய்ரின் ஒரே வருத்தம். மற்றபடி அவனுக்குக் கொண்டாட்டம். மேலே போய்விட்டால் பனி அள்ளும் வண்டியின் உறுமல் எட்டவில்லை. இப்படியொரு நிசப்தம் எந்த ஸ்டுடியோவிலும் கிடைத்ததில்லை என்று சொல்லிக்கொண்டே கையுறையை ஊதிச் சூடாக்கினான். அடுப்பு முணுமுணுக்கும் என்பதால் அதையும் அணைத்து வைத்திருந்தார்கள்.

இரண்டாவது வயலின்காரி சீலியே பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "உன் காலைக் கட்டினா சர்ச் பறக்குது, அவுத்துவிட்டா பாட்டு கெடுது. உன்னைக் கூட்டிட்டு வந்ததுக்கு ஒரு ஆட்டைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்டி."

குன்வோர் சிரிக்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில் இது அவளுடைய முதல் இசைத்தட்டு. அந்த மெட்டு இருந்தால்தான் இசைத்தட்டு; சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் அடுத்த வாய்ப்பு வரப்போவதில்லை.

மெட்டைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அந்த ஊரில் எதை வாசித்தாலும் அது யாரிடமிருந்து வந்தது என்று முதலில் பெயர் சொல்லவேண்டும்: இது இன்னார் வழி, அவருக்கு இன்னார் வழி. இந்த மெட்டு யார் வழி என்று கேட்டால் மட்டும் குன்வோர் குனிந்து தந்தியை முறுக்க ஆரம்பித்துவிடுவாள். ஊரே கூடிப் பேசி, இருநூறு வருஷத்துக்கு முன் இறந்துபோன கொல்லர் தார்யெய் வழிதான் என்று முடிவு கட்டி, அவருக்கு ஒரு நினைவுக் கல்லும் நட்டது. கல் திறப்பு விழாவில் வாஃபிள் கொடுத்தார்கள். குன்வோர் மூன்று சாப்பிட்டுவிட்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை தேவாலயம் ஊசியிலை மரங்களுக்கு மேலே போய் நின்றது. பதிவு அற்புதமாக முடிந்தது. கட்டடம் இறங்கவில்லை. காத்திருந்தார்கள். ஒரு காகம் ஜன்னலில் உட்கார்ந்து உள்ளே பார்த்துவிட்டுப் போயிற்று. அப்புறம் போன் அடித்தது. கீழேயிருந்து போர்கில்ட்.

"குன்வோர், நாளைக்கு இங்க ஞானஸ்நானம் இருக்கு. குழந்தையோட தாத்தாவுக்கு முட்டி வலி. ஏணியெல்லாம் ஏறமாட்டார்."

"நான் என்ன பண்றது? முடிச்சாச்சு, இது இறங்கமாட்டேங்குது."

"காலை அவுத்துத் தட்டிப் பாரு."

தட்டினாள். சரவிளக்கு ஆடியது, அவ்வளவுதான்.

"இருங்க, இருங்க," என்றான் ஹால்யெய்ர், "இந்த அமைதியைக் கொஞ்சம் பதிவு பண்ணிக்கறேன்."

"பேர் சொன்னியா?" என்றார் போர்கில்ட் போனில். "எங்கப்பா பேர் சொல்லாம வில்லையே கையில எடுக்கமாட்டார். யார் வழின்னு சொல்லாத மெட்டு எதைப் புடிச்சுக்கிட்டுக் கீழ நிக்கும்?"

குன்வோர் வில்லைக் கீழே வைத்தாள். "தார்யெய் வழி," என்றாள்.

தேவாலயம் விருட்டென்று இன்னொரு மரம் உயரம் எழும்பியது. சீலியேயின் காபி மடியில் கொட்டியது.

"அவர் இல்லயாம்," என்றாள் சீலியே, துடைத்துக்கொண்டே.

ஞானஸ்நானம் மறுநாள் தரையில்தான் நடந்தது, தாத்தாவும் வந்தார். இசைத்தட்டு இலையுதிர்காலத்தில் வெளிவந்தது, பெர்கன் பத்திரிகைகள் அதன் மௌனங்களைப் புகழ்ந்தன. சில வருஷங்களில் திருச்சபை ஓர் அலுமினிய ஏணி வாங்கி, அடித்தளத்துக் கற்களைச் சுற்றிப் பனி தேங்காமல் ஓடை வெட்டியது. இப்போதெல்லாம் பிப்ரவரியில் ஒலிப்பதிவுக்காரர்கள் வந்தால் போர்கில்ட் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்: எவ்வளவு உயரம் வேணும்? காற்று அடிக்கும் நாளில் மட்டும் அனுமதி கிடையாது. ஊர்க்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆனால் அன்றைக்குக் கட்டடத்தைக் கீழே கொண்டுவந்தது ஒரேயொரு வாக்கியம். அந்தப் பள்ளத்தாக்கில் அதைச் சொல்லிவிட்டு ஒருத்தி தலைநிமிர்ந்து காபிக் கடைக்குள் நுழைய முடியாது; அங்கே திருடனைக்கூட மன்னிப்பார்கள், தன்னைப் பெரிய ஆள் என்று நினைக்கிறவளை மன்னிக்கமாட்டார்கள். குன்வோர் மைக்கைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அதை அணையேன்."

"மாட்டேன்," என்றான் ஹால்யெய்ர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, யாருடைய காலையோ மிதித்துவிட்டவளைப்போலச் சன்னமான குரலில் சொன்னாள்:

"யார் வழியும் இல்ல. நான் போட்டது."