ஈஸ்டருக்கு இருபத்திரண்டு காடா அங்கிகள்

பங்குனி பாதியில் பல்லடத்தில் ஒரு வாரம் வேப்பம்பூ உதிரும். தறிக் கொட்டகையின் தகரக் கூரையெல்லாம் வெள்ளையாகிவிடும். வர்ஷினிக்குத் தெரிந்த வசந்தம் அந்த ஒரு வாரம்தான். அதற்கு முன்னால் பனி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பின்னால் நேராக வெயில்.

கைப்பேசியில் அவள் விடாமல் பார்க்கும் உடைப் பக்கங்களிலோ வசந்தம் மூன்று மாதம் நீண்டது. வாயில் நுழையாத பெயருள்ள நகரங்களில் பெண்கள் கம்பளிக் கோட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொளதொளப்பான பருத்தி அங்கிகளில், சைக்கிள் கூடையில் பூக்கொத்தோடு எங்கோ போய்க்கொண்டே இருந்தார்கள். இந்த வருஷம் அங்கே வெளுக்காத துணிதான் நாகரிகமாம். சாயம் கிடையாது, மினுமினுப்பு கிடையாது. பருத்திக்கொட்டையின் பழுப்புப் புள்ளிகூடத் தெரிய வேண்டுமாம். அதற்கு அவர்கள் கொடுக்கிற விலையைப் பார்த்து வர்ஷினி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தத் துணியின் மேல் படுத்து உருண்டு வளர்ந்தவள் அவள்.

அவள் அப்பா தம்பிதுரைக்குப் பல்லடத்தில் எட்டு விசைத்தறி. எட்டிலும் ஓடுவது வெளுக்காத காடாத் துணி. தறியிலிருந்து இறங்கியதும் மடிப்பு மடிப்பாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அது எங்கேயோ போய் வெளுத்து, சாயம் ஏறி, யார் உடம்பிலோ ஏறும். கோவைப் பீளமேட்டில் கணினி அலுவலக வேலையும் மகளிர் விடுதியில் ஒரு கட்டிலுமாக இருந்த வர்ஷினிக்கு, அந்தக் காடாவை அப்படியே வெட்டித் தைத்து ஊருக்கெல்லாம் உடுத்திவிட வேண்டும் என்று ஒரே கனவு. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆள் அறையிலேயே இருந்தாள். கருமத்தம்பட்டிப் பெண் கரோலின். ஞாயிறு தவறாமல் பக்கத்துப் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பாடுகிறவள்.

"போன ஈஸ்டருக்கு வயலட் சாட்டின் போட்டோம்டி. 'உன்னதங்களிலே' பாட்டு முடியறதுக்குள்ள ரெண்டு பேரு மயங்கி உழுந்துட்டாங்க. இந்த வருசமும் அதையேதான் மிஸ் எடுக்கச் சொல்றாங்க. வாயேன், வந்து பேசிப் பாரு."

மிஸ் என்றால் விமலாராணி. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், கோயிலில் பாடகர் குழுவின் தலைவி. வர்ஷினி மாதிரிக்குத் தைத்துக் கொண்டுபோன காடா அங்கியை அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஏனம்மணி, அரிசிச் சாக்காட்ட இருக்குதே?"

"போட்டுப் பாருங்க மிஸ். காத்து உள்ள வந்து போகும். வெலையும் சாட்டின்ல பாதிகூட இல்லீங்க."

"ஆண்டவர் உயிர்த்த அன்னிக்குச் சாக்கைக் கட்டிக்கிட்டு நிக்கறதா?"

"கல்லறைலிருந்து வரும்போது அவரே சாட்டின் போட்டுட்டா வந்தாரு மிஸ்?" என்றார் பின்னாலிருந்து கிளமென்ட். பம்பு கம்பெனியில் மேற்பார்வையாளர். குழுவிலேயே கனத்த குரலும் கனத்த உடம்பும் அவருடையவை. போன வருஷம் மயங்கி விழுந்த இருவரில் அவரும் ஒருவர்.

எல்லாரும் சிரித்ததில் விமலாராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, தை. ஆனா ஒண்ணு. இது சொதப்புச்சுன்னா டவுன்ஹால் கடைல சாட்டின் ரெடியா தொங்குது. சனிக்கிழமை போனாலும் கிடைக்கும். அப்புறம் இந்தக் கோயில் பக்கம் நீ துணிப் பேச்சே எடுக்கக் கூடாது."

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வெட்டு. முழங்காலுக்குக் கீழே வரும் தொளதொள அங்கி. மொத்தம் இருபத்திரண்டு. ஒவ்வொருவரையும் பிடித்து அளவெடுக்க நேரமில்லை என்பதால், குழுவின் வாட்ஸ்அப்பில் அவரவர் அளவை அவரவரே எழுதினார்கள். கிளமென்ட் மட்டும் இருப்பதிலேயே பெரிய அளவை எழுதிப் பக்கத்தில் ஒரு யானைப் படமும் போட்டார். மற்றவர்கள் எழுதியதைப் படித்தால், கோவையில் சாப்பாட்டுப் பஞ்சம் என்றே வெளியூர்க்காரர் நினைப்பார்.

தையல்காரி சாஜிதா பேகம் துணிக்கட்டைப் பிரித்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஊறப்போட்டு எடுத்துட்டியா கண்ணு?"

"அதெல்லாம் வேண்டாங்கக்கா. நூலு பாவுலயே கஞ்சில குளிச்சுட்டுத்தான் தறிக்கு வருது" என்றாள் வர்ஷினி, தறிக்காரன் மகளின் முழுப் பெருமையோடு.

சாஜிதா பேகம் கண்ணாடிக்கு மேலாக ஒரு தரம் பார்த்தாள். துணி நெய்கிறவர்கள் வீட்டுப் பெண்ணே சொல்லும்போது நமக்கென்ன என்று கத்தரியை எடுத்தாள்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்தோலை ஞாயிறு மதியம் அங்கிகள் வந்து சேர்ந்தன. பாலாடை நிறம், கழுத்தில் மட்டும் மாந்தளிர் வண்ணத்தில் ஒரு இழைத் தையல். விமலாராணிகூடத் தன்னுடையதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "பரவாலியே" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வர்ஷினி அன்றைக்கு விடுதிக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனாள்.

கரோலினுக்குத்தான் ஆசை பொறுக்கவில்லை. திங்கட்கிழமை அதை மாட்டிக்கொண்டு அலுவலகம் போனாள். நான்கு பேர் எங்கே எடுத்தது என்று கேட்டார்கள். ஐந்தாவது ஆள் சாம்பாரைக் கொட்டினான். சாயங்காலமே வெந்நீரில் அலசி மொட்டை மாடியில் காயப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அறைக்குள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து வர்ஷினி பல் துலக்குவதை நிறுத்தினாள். அங்கி முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. கை முட்டியைத் தாண்டவில்லை. மாரோடு இறுக்கிப் பிடித்திருந்தது.

"நான் குண்டாயிட்டேனா, இல்ல இது செத்துப்போச்சா?" என்றாள் கரோலின்.

வர்ஷினி அப்பாவுக்குப் போன் போட்டாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"அப்பா! காடா தண்ணில போட்டா சுருங்குமா?"

"சுருங்குமா?" என்று அவளையே திருப்பிக் கேட்டார் தம்பிதுரை. "எனக்கெப்படிக் கண்ணு தெரியும்? முப்பது வருசமா நெய்யறேன், ஒரு மீட்டரைக்கூட நான் துவைச்சதில்லையே. லாரில ஏத்துனா நம்ம சோலி முடிஞ்சுது."

வர்ஷினி கட்டிலில் உட்கார்ந்தாள். பாவு, ஊடை, தார் என்று தறிச் சங்கதி எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த வீட்டிலிருந்து துணி போவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். போன துணி நனைந்து அவள் கண்டதே இல்லை.

"இங்க பாரு," என்றாள் கரோலின், குரலைத் தாழ்த்தி. "ஞாயித்துக்கெழம வரைக்கும் யாரும் துவைக்கப் போறதில்ல. எல்லாம் புதுசு, அளவாத்தான் இருக்கும். ஈஸ்டர் நல்லபடியா முடிஞ்சுரும். பொறகு துவைச்சுச் சுருங்குனா, அவங்கவங்க துவைச்ச லட்சணம்னு உட்டுரலாம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஐந்து நாள் தள்ளினால் போதும். திறந்தால் சாட்டின் வரும். அவளுடைய முதல் வேலையே கடைசி வேலையாகிவிடும். வர்ஷினி குளிக்கும்போதும் யோசித்தாள், பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டும் யோசித்தாள். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, இருபத்தொரு வீட்டுக் கொடிகளில் இருபத்தொரு அங்கிகள் ஒரே நேரத்தில் மெல்ல மேலே ஏறுவது மாதிரி ஒரு காட்சி அவள் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்குப் போய், கரோலினின் அங்கியை எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டிவிட்டாள்.

"என்ர தப்புதானுங்க. ஊறப்போடாம தைக்கக் குடுத்துப்போட்டேன்."

விமலாராணி அங்கியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம தெரிஞ்சிருக்காதே. ஏன் சொன்ன?"

"அடுத்த வாரம் நீங்க துவைப்பீங்கல்லங்க மிஸ்."

"அதுக்கு?"

"துவைச்சா ஒரு சைஸ் கொறையுது. அவ்வளவுதானுங்க. எல்லாத்தையும் நாளைக்கே ஊறப்போட்டு எடுத்துட்டு, ஆளுக்காளு மாத்திக்கிட்டா என்னங்க? பெரிய சைஸ்காரங்களுது அடுத்த சைஸ்காரங்களுக்கு, அவங்களுது அதுக்கும் அடுத்தவங்களுக்கு. வரிசைல தலைமாட்டுல நிக்கற பெரிய சைஸுக்கு மட்டும் புதுசா தைச்சாப் போதும்."

"எங்க ஊட்டுல நாங்க அஞ்சு பேரு அப்படித்தான் வளந்தோம்," என்றார் கிளமென்ட். "தலைச்சன் நானு. மத்த நாலு பேரும் என்ர சட்டைலதான் பெரிசானானுங்க."

"நாளைக்கு ஆகலைன்னா வியாழக்கிழம நான் டவுன்ஹால் போயிருவேன்," என்றார் விமலாராணி.

புதன்கிழமை காலையில் பங்கு மண்டபத்துப் பின்புறம், திருவிழாவுக்குச் சோறாக்கும் அண்டாவில் வெந்நீர் கொதித்தது. வர்ஷினி விடுப்புப் போட்டுவிட்டு, அங்கிகளை மூங்கில் கழியால் அமுக்கி அமுக்கி எடுத்தாள். கஞ்சி இறங்கிய தண்ணீர் நீராகாரம் போல வெளுத்தது. இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டி விரித்தாள். பங்குனி வெயிலுக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. காய்ந்ததைத் தொட்டுப் பார்த்தவளுக்கு ஆச்சரியம். மொடமொடப்பு போய், பழகிய துணி போலக் குழைந்து கிடந்தது.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். உடம்பு அளவு வரிசையில் நிற்கச் சொன்னாள். அங்கேதான் சிக்கல். குரல் வரிசையில் நின்றே பழகியவர்கள். உடம்பு வரிசை என்றதும் ஆளாளுக்குப் பின்னால் நகர்ந்தார்கள். கிளமென்ட் மட்டும் முன்னால் தனியாக நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, எனக்கப்புறம் நேரா இந்த ஒல்லிக் கரோலின்தானா? நடுவுல யாருமே இல்லியா?"

"நான் மீடியம்தான். எழுதித்தான் குடுத்தேன்," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

"நீ மீடியமா? உன்ர பேக்கு மீடியம்."

"அந்தக்காவுக்குப் பின்னாடிதான் நான் நிப்பேன்."

"ஏன், நான் என்ன உன்னைவிடப் பெருசா? வா, அளந்துரலாம்."

சத்தம் பெருகியது. ஒருத்தி கோபித்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் உண்மை அளவு வேண்டும்; அதை ஒருவரும் தருவதாக இல்லை. வர்ஷினி அளவு டேப்பைப் பிரித்துப் பிரித்துச் சுருட்டினாள். வியாழக்கிழமையும் டவுன்ஹாலும் கண்ணெதிரே வந்து நின்றன.

அப்போது விமலாராணி கைப்பையைப் பெஞ்சில் வைத்தார். நேராக வந்து கிளமென்டுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

"அள."

வர்ஷினி அளந்தாள். எண்ணை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்.

"சத்தமாச் சொல்லு. பின்வரிசைக்குக் கேக்கணும்."

"நாப்பத்தி... நாப்பத்தியாறுங்க மிஸ்."

"நான் நாப்பத்திரண்டுன்னு எழுதிக் குடுத்தேன்," என்றார் விமலாராணி கூட்டத்தைப் பார்த்து. "ஞாயித்துக்கெழம ஊட்டுல போட்டுப் பாத்தேன். தலை நுழைஞ்சுது, அதுக்கு மேல நுழையல. துவைக்காமயே. யாருகிட்டச் சொல்றதுன்னு மூணு நாளா முழிச்சுக்கிட்டிருந்தேன். இந்தப் புள்ள துணியைச் சுருக்காட்டி நான் சாட்டின்லதான் நின்னிருக்கோணும். ம், அடுத்தது யாரு? வாங்க, வாங்க!"

முதலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதன்பின் மண்டபம் அடங்கவே இல்லை. தங்கள் எண்ணைத் தாங்களே கூவிக்கொண்டு முன்னால் வந்தார்கள். பெரிய எண்ணுக்குக் கைதட்டல் விழுந்தது. கிளமென்டின் அங்கி விமலாராணிக்குப் போனது. அது அவருக்குக் கச்சிதம். விமலாராணியுடையது இரண்டு ஆள் தள்ளி, அதிலிருந்து ஒன்று மூன்று ஆள் தள்ளி என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் கரோலினும் ஒரு நல்ல அங்கிக்குள் வந்து சேர்ந்தாள். உண்மையைச் சொன்னதில் தலைமாட்டில் ஆறு பேருக்குத் துணி போதவில்லை. கால்மாட்டில் யாருக்கும் ஆகாமல் ஆறு குட்டி அங்கிகள் மிஞ்சின.

அந்த ஆறு பேருக்காகத் தம்பிதுரை வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் துணியைத் தானே தொட்டியில் ஊறப்போட்டு, உலர்த்தி, வியாழக்கிழமை பேருந்தில் ஏற்றி அனுப்பினார். சாஜிதா பேகம் வாங்கியதும் மோந்து பார்த்தாள்.

"இப்பத்தான் குளிச்சு வந்திருக்குது," என்றாள். சனிக்கிழமை மதியத்துக்குள் ஆறையும் முடித்தாள். குட்டி அங்கிகளை என்ன செய்வதென்று வர்ஷினி கேட்டதற்கு, கத்தரியை ஓட்டி, இருபத்திரண்டுக்கும் பக்கவாட்டில் ஆழமான பாக்கெட் வைத்துத் தந்தாள். "பொம்பளைங்க துணில பாக்கெட் வெக்காதது பெரிய பாவம் கண்ணு. ஈஸ்டருக்கு அதாச்சும் தீரட்டும்."

ஞாயிறு காலைத் திருப்பலியில் வர்ஷினி கடைசிப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மாடத்தில் இருபத்திரண்டு பேர், வெளுக்காத பால் நிறத்தில், கைவீசிப் பாடினார்கள். விசிறிக் காற்று எட்டாத அந்த மாடத்தில் ஒருவரும் முகம் துடைக்கவில்லை. 'உன்னதங்களிலே' முடிந்தது, கிளமென்ட் நின்றுகொண்டே இருந்தார். எந்தத் தூரதேசத்துத் தெருவும் அவளுக்கு அப்போது நினைவில் இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் அங்கியைக் கழற்றவே இல்லை. பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, கேக் தின்றுகொண்டு, முற்றத்து வெயிலில் நின்று கதை பேசினார்கள். பாடகர் குழுவைச் சேராத ஒரு அம்மா கரோலினின் கையைப் பிடித்துத் துணியைக் கசக்கிப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் கூடினார்கள்.

"எந்தக் கடைல எடுத்தீங்க? என்ர மகளுக்கு ரெண்டு வேணும். ஆபீசுக்குப் போட்டுட்டுப் போவா."

கரோலின் கையைக் காட்டினாள். மூவரும் வர்ஷினியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தைச்சுத் தர்றனுங்க," என்றாள் வர்ஷினி. "ஆனா நேர்ல வந்து அளவு குடுக்கோணும். துணிய ஊறப்போட்டுக் காயவைக்கவே ரெண்டு நாள் புடிக்கும். மொத்தம் பத்து நாளாகுமுங்க, பரவால்லீங்களா?"

அந்த அம்மா முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு வானத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பொறுமையாத் தைய்யி அம்மணி. இந்த வெயிலு அதுக்குள்ள எங்கயும் போயிறாது."