வலது கை

பக்கவாதம் வந்து அப்போஸ்தலர் குவாமெனாவின் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, கூடவே நாக்கும். காது மட்டும் நன்றாகக் கேட்டது. பாவி மனுஷன், அதுவும் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

அப்போஸ்தலர் காலமெல்லாம் பேதுரு, யோவானோடு முடிந்தது என்று சொன்ன மெதடிஸ்ட் பாதிரியாரைச் சந்தையில் நிறுத்தி மானத்தை வாங்கியவர் அவர். "முடியல. இந்தக் கையில இருக்கு. என் குரு என் தலையில வச்சார், நான் ஒருத்தன் தலையில வைப்பேன். கை வச்சா வச்சதுதான். அப்புறம் நானே நினைச்சாலும் மாத்த முடியாது" என்று வலது கையைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கை இப்போது கருவாடு மாதிரி மடியில் கிடந்தது.

ஜெப முகாமின் வாசலில் கார் நின்றது. முகாமில் பாட்டு நடத்துகிற ஈக்கோ, அவருடைய தங்கை மகன், கொண்டுவந்தது. கேப் கோஸ்ட் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றே போனால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் முகாமிலிருந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்பது சட்டம். போட்டவர் யாரென்று கேட்க வேண்டாம். ஓர் அப்போஸ்தலர்தான் அதை மாற்ற முடியும். இருக்கிறவருக்கு வாய் இல்லை. ஆகவே புதியவர் வேண்டும். ஈக்கோ வந்தால் ஆஸ்பத்திரி. முகாமின் இன்னொரு போதகரான பாஸ்டர் அமிஸா வந்தால் உபவாசம்தான் வைத்தியம்.

சபை கூடியது. இருவரும் அவர் முன்னால் முழங்காலிட்டார்கள்.

குவாமெனா தன்னிடம் மிச்சமிருந்த இடது கையைத் தூக்கினார். அது நடுங்கி நடுங்கிப் போய் ஈக்கோவின் தலையில் உட்கார்ந்தது. கூட்டம் முகம் சுளித்தது. இடது கையால் காசு நீட்டினால் கென்கி என்கிற சோள உருண்டை விற்கிறவள்கூட வாங்க மாட்டாள்.

"சீ, கழுவுற கையாலயா?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"இது அவர் இல்லம்மா. உள்ள இருக்கிற பேய் ஆட்டுது," என்றார் அமிஸா சாந்தமாக. "நியாயத்தீர்ப்புல இடது பக்கம் சபிக்கப்பட்ட வெள்ளாட்டுப் பக்கம்னு அவரே எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருக்கார்."

"அத்தை, அவருக்கு இந்தக் கைதானே அசையுது. நீங்களாவது சொல்லுங்க," என்றான் ஈக்கோ.

குவாமெனாவின் மனைவி அராபா எழுந்து வந்தாள். கட்டிய புருஷனை வீட்டுக்குள்கூட "அப்போஸ்தலரே" என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவள். அவளைப் பார்த்ததும் குவாமெனாவுக்கு உயிர் வந்தது. அவள் சொன்னால் சபை கேட்கும்.

அவள் குனிந்து, அவருடைய வலது கையை இரண்டு கைகளாலும் தூக்கி, அமிஸாவின் தலையில் வைத்தாள். அவர் திமிறினார், திமிறுகிற பலமெல்லாம் மறுபக்கத்தில் இருந்தது. மேளம் முழங்கியது.

"அத்தை, அவர் செத்துப்போயிடுவார்."

"கை வச்சா வச்சதுதான் தம்பி. உங்க மாமாவே நினைச்சாலும் மாத்த முடியாது."

ஈக்கோ காரை எடுத்துக்கொண்டு போனான்.

புது அப்போஸ்தலர் முதல் கட்டளை இட்டார். பழையவருக்கு மூன்று நாள் உபவாசம், தண்ணீரும் கிடையாது. பேய் ஆட்டுகிற கையைக் கட்டிவைக்க வேண்டும். கட்டும் வேலையை அராபாவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எல்லோரும் போனபின் துணியை இறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "நம்ம அட்டோ காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு டம்ளர் கஞ்சி கேட்டான். ஒன்பது வயசுப் பிள்ளை. நான் உன் காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அப்போஸ்தலர் போட்ட உபவாசம் போட்டதுதான்னு சொன்ன."

குவாமெனா செத்துப்போன மகனுடைய முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல நாக்கைப் புரட்டினார், எச்சில்தான் வழிந்தது.

அவள் அதை முந்தானையால் துடைத்தாள்.

"பசிக்குதா குவாமெனா?" என்றாள். "அவனுக்கும் பசிச்சுது."