டின்னோடு வந்த பிரசுரம்

என் மனுசன் வரதராஜா முட்டைகூடத் தொடாத சைவம். ஆனால் நாடு விட்டு வந்து மெரிலேண்ட்ஸில் குடியேறிய கையோடு ரைபிள் கிளப்பில் சேர்ந்துவிட்டார். சுடுவதென்னவோ காகிதத்தைத்தான். அதற்கு வீட்டில் என்ன ஆரவாரம்! கடைத் தோட்டா நேரே போகாதாம். சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெறுங்கோதுகளைப் பொறுக்கி வந்து, தானே வெடிமருந்து நிறுத்துப் போட்டு, குண்டு பொருத்த வேணுமாம். எழுபத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம் முழுக்க எங்கள் கராஜில் இதே வேலை.

எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்று புத்தகம் பார்த்துத்தான் போட வேண்டும். கூடிப்போனால் சுடும்போதே துவக்கு அவர் முகத்திலேயே வெடிக்கும். அவரிடம் அப்படி இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, பழைய புத்தகக் கடையில் பிடித்த அமெரிக்கப் புத்தகம். தடித்த அட்டை, பொன்னெழுத்து, முன்னுரையே முடியாமல் நீளும். மற்றது, மருந்து செய்கிற கம்பனி அந்த வருஷம் அச்சடித்து மருந்து டின்னோடு சும்மா கொடுத்த மெல்லிய பிரசுரம். எங்கள் ஆட்களைச் சொல்ல வேணுமா? தடித்த புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவோம், மெல்லியதில் வடை சுற்றுவோம். இவர் அதை மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

கிளப் போட்டிக்கு முதல்நாள் தேத்தண்ணியோடு போனவள், டின்னில் இருந்த பெயரையும் நம்பரையும் தடித்த புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை.

"இஞ்சேருங்கோ, இந்த மருந்து இதில இல்லையே?"

"கிட்டத்தட்ட அதே நம்பர் ஒண்டு இருக்குது. அதுதான் இது."

"கிட்டத்தட்டவோ? ஆஸ்பத்திரியில, மருந்துப் பெட்டிக்குள்ள வாற துண்டுக் கடதாசியை வாசிக்காமல் நான் ஒருத்தருக்கும் ஊசி போடுறேல்லை."

மேசையைத் தூக்கிப் பிரசுரத்தை இழுத்தெடுத்தேன். அதில் சொல்லியிருந்த அளவு, இவர் போட்டு முடித்ததைவிட நல்லாய்க் குறைவு.

"கம்பனிக்காரன் பயந்தாங்கொள்ளி, குறைச்சுத்தான் போடுவான். சும்மா தாற கடதாசியை ஆர் நம்புறது? நீர் போம், யோகா."

எனக்கு வந்த கோபத்துக்குத் தேத்தண்ணியைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டேன்.

அடுத்தநாள் நானும் வருகிறேன் என்று காரில் ஏறினேன். கிளப்பில் சுடுகிறவருக்குப் பக்கத்தில், புள்ளி எழுதுகிறவருக்கு ஒரு கதிரை போடுவார்கள். இவருடைய கூட்டாளி கெவின் இருக்கப்போன கதிரையில் நான் போய் இருந்துவிட்டேன்.

"எழும்பும் யோகா. அங்கால தள்ளி நில்லும்."

"ஏன்? உங்கட புத்தகம் சரியெண்டால் எனக்கென்ன நடக்கப்போகுது?"

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. இந்த மனுசனின் முகத்தை விட்டால் எனக்கு இந்த நாட்டில் வேறென்ன இருக்கிறது? அசையவில்லை நான்.

தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். மற்றவர்கள் சுடத் தொடங்கிவிட்டார்கள். அவர் தோட்டாவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"வாரும், வீட்டை போவம்."

வந்ததும் கராஜில் உட்கார்ந்து, ஒவ்வொரு தோட்டாவாகக் குண்டைக் கழற்றி மருந்தைக் கொட்டினார். நான் கோதுகளைத் துடைத்து அடுக்கினேன். எல்லாம் முடிந்த பிறகு தராசைத் துடைத்து வைத்தார். பிரசுரத்தை எடுத்து என் மடியில் போட்டார்.

"வாசியும்."

அளவை வாசித்தேன். கரண்டியில் மருந்தை அள்ளியவர், தராசுத் தட்டில் போடாமல் நின்றார்.

"இன்னொருக்கால் சொல்லும்."

சொன்னேன். கரண்டியை அப்படியே பிடித்தபடி, நான் அந்த வரியில் விரல் வைத்துக் காட்டும்வரை நின்றார்.